நாலாவது மாடியிலிருந்து ஏரி வரை

நவம்பர் 22

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. என் பேரப்பிள்ளைகளில் பெரியவள் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் ஆசிரியைப் பரீட்சையில் தேறிவிட்டாள். இருபத்திரண்டு பேர் எழுதி ஒன்பது பேர்தான் தேறினார்கள், அதில் நம் பெண் இரண்டாவது. இப்போது சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் நின்று, மீசை வைத்த ஆண்பிள்ளைகளை எல்லாம் "முட்டியை மடக்குங்க சார், முட்டியை மடக்குங்க" என்று அதட்டுகிறாளாம். நடுவில் உள்ளவன் கல்லூரிச் சறுக்குப் போட்டியில் மூன்றாம் பரிசு. முதல் இரண்டு பரிசு வாங்கிய பிள்ளைகள் ஐந்து வயதிலிருந்து பழகியவர்கள், இவன் பழகி இரண்டே வருஷம். ஆகவே இதை நான் முதல் பரிசு என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். கடைக்குட்டி, அதுதான் நம் வாலு, பள்ளிக்கூட முற்றத்தில் பனியால் ஓர் எருமை செய்தாள். கொம்பு, வால், அசைபோடும் வாய், எல்லாம் அச்சு அசல். தலைமை ஆசிரியர் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து பார்த்தாராம். பத்து வயதுக்கு இது போதாதா?

நான் மகன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றைக்குத்தான் முதல் பனி விழுந்தது. குளிர்காலம் வந்தால் இந்த மலை ஊரில் ஜனங்கள் கம்பளிக்குள் சுருண்டு படுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நேர் எதிர். கோடையில்கூட இத்தனை பேரை வெளியே பார்க்க முடியாதாம். ஏரி உறைந்ததும் பாதி ஊர் அதன் மேல் நிற்கிறது. ஒரு கூட்டம் கத்தி வைத்த பூட்ஸ் போட்டு வட்டமடிக்கிறது. ஒரு கிழவர் ஐஸில் ஓட்டை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார். அந்தப் பக்கச் சரிவில் சறுக்கு வண்டி. அதற்கும் மேலே, என் மகன், உன் மருமகன், வேலை பார்க்கும் ரோப் கார், கம்பியில் கோத்த மணி மாதிரி ஏறி இறங்குகிறது.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை, முறம் மாதிரி ஒன்றைக் காலில் கட்டிக்கொண்டு, மேட்டிலுள்ள ஊசியிலை மரங்கள் வரை நடந்துவிட்டு வந்தேன்.

வாலு ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருக்காரர்கள் சறுக்கு வண்டிப் போட்டி வைப்பார்கள். ஒரு வண்டியில் இரண்டு பேர். ஒருவர் பன்னிரண்டு வயதுக்குக் கீழே, இன்னொருவர் அறுபதுக்கு மேலே. இவளுக்குத் துணைக்கு ஆள் இல்லாமல் மூன்று வருஷமாகக் கரையில் நின்று கை தட்டியிருக்கிறாள். "இந்த வருஷம் நீங்க இருக்கீங்கல்ல பாட்டி?" என்கிறாள். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரியின் மூட்டுவலி? ஒளிக்காமல் எழுது.

உன் அக்கா


டிசம்பர் 3

அக்காவுக்கு வணக்கம்.

நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம். சர்க்கரை, டாக்டருக்குப் பிடித்த அளவுக்கும் எனக்குப் பிடித்த அளவுக்கும் நடுவில் நிற்கிறது. இவளுடைய மூட்டு, என்னைத் திட்ட எழுந்து வரும்போது மட்டும் வலிப்பதில்லை.

உன் கடிதத்தை ஐஸ் கம்பெனிக்கு எடுத்துப்போய் டீ நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் ஏன் தினமும் அங்கே போகிறாய் என்று நீ கேட்பாய். போகாவிட்டால் இந்த வெயிலில் வேறு எங்கே போய் உட்காருவேன்? லோடுமேன்கள் எல்லாம் வாயைப் பிளந்துவிட்டார்கள். "உங்க அக்காவுக்கு எத்தனை வயசுண்ணே?" "அறுபத்தொன்பது." "நீங்க மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குறீங்களே!" எனக்கு இது தேவைதான்.

பெரியவளுக்கும் நடுப்பையனுக்கும் என் பாராட்டு. எருமைக்குத் தனிப் பாராட்டு.

இப்போது தொழில்காரன் கேள்வி. ஏரி ஐஸ் வெள்ளையா, கறுப்பா? கறுப்பாகத் தெரிந்தால்தான் கெட்டி. எத்தனை விரல் கனம்? மேலே நடக்கும்போது காலுக்கு அடியில் என்ன சத்தம் வருகிறது? இங்கே தகர அச்சிலிருந்து கழற்றுகிற கட்டியே ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொனியில் பேசும். அவ்வளவு பெரிய ஐஸ் என்ன பேசுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

நீ வா வா என்று கூப்பிடுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், முப்பத்துநாலு வருஷம் ஐஸ் மேல் நின்றவன், ரயிலேறி வேறு வந்து பார்க்க வேண்டுமா?

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

தம்பி


டிசம்பர் 15

பிரியமான தம்பி,

உன் கடிதம் வந்தது. வாலு கீழே தபால் பெட்டியிலிருந்து எடுத்து, படியேறும்போதே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். இந்த வீட்டில் எனக்கு வரும் தபால் எல்லாம் அவள் கண்பட்ட பிறகுதான் என் கண்ணில் படுகிறது. வீட்டில் எல்லோரும் நலம். மருமகளுக்கு மட்டும் லேசான ஜலதோஷம். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கே ஜலதோஷம் வந்தால் மற்றவர்கள் யாரிடம் போவது என்று உன் மருமகன் கிண்டல் செய்து, பூரிக்கட்டையால் ஒரு தட்டு வாங்கினான்.

ஏரி ஐஸ் வெள்ளைதான். கண் கூசும். கனம் எல்லாம் நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை. சத்தம் ஒன்றும் இல்லை, ஊமை மாதிரிக் கிடக்கிறது.

சறுக்குகிறவர்களைத்தான் நீ பார்க்க வேண்டும். ஒரு பச்சைத் தொப்பி தினமும் பத்தரை மணிக்கு வரும். வந்தால் எட்டுப் போடுவதுதான் வேலை. ஒரு எட்டு முடிந்து அதே கோட்டின் மேல் அடுத்த எட்டு, மயிரிழை பிசகாது. இரண்டு வெள்ளைத் தொப்பிகள் கை கோத்துக்கொண்டு வரும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களாக இருக்க வேண்டும், ஏனென்றால் விழுந்தால் சேர்ந்தே விழுகிறார்கள். தூண்டில்காரர் இதுவரைக்கும் மூன்றே மீன்தான் பிடித்திருக்கிறார். மூன்றாவதை அவரே திரும்ப உள்ளே விட்டுவிட்டார்.

நேற்று நானும் சறுக்கு வண்டியில் உட்கார்ந்து சரிவிலிருந்து இறங்கினேன். ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் கீழே வந்துவிடுகிறது. இதை எல்லாம் கம்பெனியில் போய்ப் பறையடிக்காதே.

மறுபடி எழுது. உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


டிசம்பர் 27

அக்காவுக்கு,

பறையடித்துவிட்டேன். எப்படி அடிக்காமல் இருப்பது? மேனேஜரே எழுந்து நின்று கை தட்டினார். அன்றைக்கு ஒரு தகர அச்சைத் தண்ணீர் ஊற்றாமலே, ஐஸ் உறையும் உப்புத்தொட்டியில் இறக்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள், அவ்வளவு ஆரவாரம்.

இங்கே இருவரும் சுகம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன். அது வாலுவுக்கு. அவளிடம் கொடுத்துவிடு.

தம்பி

(துண்டுச் சீட்டு)

என் தங்க வாலுவுக்கு ஐஸ் தாத்தா எழுதுவது. எருமையைப் பற்றிக் கேள்விப்பட்டேன், சபாஷ். அடுத்தது யானை. உன் பாட்டி சரிவிலிருந்து வண்டியில் இறங்கினாளாமே! சின்ன வயதிலும் அவள் இப்படித்தான், ஊரில் உள்ள மரமெல்லாம் அவள் ஏறியதுதான். இப்படி ஒரு பாட்டியை வைத்துக்கொண்டு நீ ஏன் கரையில் நின்று கை தட்ட வேண்டும்? போட்டிக்கு உடனே பெயரைக் கொடு. பார்க்கலாம் என்று அவள் சொன்னால், சரி என்று அர்த்தம். உனக்கே தெரியும்.


ஜனவரி 7

தம்பி,

எல்லோரும் நலம். உன் வாயை வைத்துக்கொண்டு உன்னால் சும்மா இருக்க முடியாதா?

சீட்டு வந்த அன்று சாயங்காலம் வாலு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாட்டி, சறுக்கு வண்டியில போனீங்களாமே?"

"யார் சொன்னா?"

"ஐஸ் தாத்தா எழுதியிருக்காரு."

"அவன் எழுதுறதெல்லாம் வேதமா?"

"அப்போ போகலையா?"

உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். சீவிய கிழங்கையே திரும்பச் சீவினேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "பேர் குடுத்துட்டேன் பாட்டி, பதினாலாவது ஜோடி நாமதான்" என்றாள். மருமகள் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். உன் மருமகன் ரோப் கார் நிலையத்தில் பழைய பலகை வாங்கிவந்து வண்டிக்கு வழுவழுவென்று இழைத்துக்கொண்டிருக்கிறான். பெரியவள், "அன்னிக்கு லீவு போட்டுட்டேன் பாட்டி, கீழ நின்னு கத்தப் போறேன்" என்கிறாள்.

நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். என் முதுகைப் பற்றி உனக்குப் பழைய கவலை ஒன்று இருப்பதாகவும், எந்தக் காரணம் கொண்டும் வண்டியில் ஏறக் கூடாது என்றும் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுது. என் பெயருக்கு வேண்டாம், உன் மருமகன் பெயருக்கு எழுது. நான் ஏற வேண்டும் என்று துடிப்பது போலவும், நீதான் தடுப்பது போலவும் இருக்கட்டும்.

இந்த வாரத்துக்குள் எழுது.

அக்கா


ஜனவரி 16

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாம் வழக்கம்போல. நீ கேட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். "உன் அம்மாவின் முதுகு" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அந்த முதுகைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு என்னைச் சுமந்துபோன முதுகு அது.

ஆகவே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, உன் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். கோபப்படாமல் கேள். அதில் எல்லாம் இருக்கிறது. நிறம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, எத்தனை மீன் என்பதுகூட இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. ஐஸோடு முப்பத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், அது வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஜாதி இல்லை. விரிசல் விடும்போது கத்தும், வெயில் பட்டால் முனகும், காலை வைத்தால் நறநறக்கும். ஏரியளவு ஐஸ் ஊமையாக இருக்கிறதாம்! அப்புறம், உன் கடிதத்தில் யாருக்கும் முகம் இல்லை. எல்லோரும் தொப்பிகள். மேலே இருந்து பார்த்தால்தான் தொப்பி முதலில் தெரியும்.

அக்கா, நீ நாலாவது மாடியில் மூடின ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாய். அங்கே போனதிலிருந்து கீழே இறங்கவே இல்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. என் கதையைச் சொல்கிறேன். நான் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்தில் பதினோரு தடவை விழுந்தேன். உங்கள் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரிடமும் சூப்பர்வைசர் வேலை, நாற்காலியில் உட்காருகிற வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். ஒவ்வொரு தடவை விழுந்தபோதும் லோடுமேன்கள் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வார்கள். பன்னிரண்டாவது தடவை வழுக்கப் போனபோது ஒரு பெரியவர் வந்து, "விழாம இருக்க முடியாது தம்பி, விழறதுக்கு முன்னாடி நீயே உக்காந்துடு" என்றார். அவ்வளவுதான் வித்தை. கால் வழுக்குகிறது என்று தெரிந்ததும் எதையும் பிடிக்கப் போகாதே, கையை ஊன்றாதே. முட்டியை மடக்கி உட்கார்ந்துவிடு. நடக்கும்போது வாத்து மாதிரி, சின்னச் சின்ன அடி, உடம்பின் பாரம் முன்காலில். பூட்ஸுக்கு மேல் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள். எந்தப் பூட்ஸும் சாக்குக்கு ஈடு இல்லை.

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. நீ இறங்கினாலும் இறங்காவிட்டாலும் நீ என் அக்காதான். ஆனால் முதுகைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

தம்பி


பிப்ரவரி 4

அக்கா,

மூன்று வாரமாகிறது. ஒரு வரி இல்லை.

தபால்காரர் என்னைப் பார்த்தாலே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். இப்போதெல்லாம் நான் வாசலில் நிற்கிறேன் என்று தெரிந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறாராம். இவள் என்னைப் போட்டு வறுத்தெடுக்கிறாள். "வயசுல பெரியவங்களுக்கு இப்படியா எழுதுவாங்க? தொப்பி தெரியுது, முகம் தெரியலைன்னு துப்பறிஞ்சு எழுதணுமா? உங்களுக்கு அறிவு இருக்கா?" இருக்கிறது, ஆனால் வேண்டிய நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை.

தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள். கம்பெனியில் உன்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உன் அக்கா என்ன செய்கிறாள் என்று கேட்டால், பயிற்சியில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

திட்டியாவது ஒரு கடிதம் போடு. உடம்பு சரியாக இருக்கிறதா என்ற ஒரு வரி போதும்.

தம்பி


பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ கவலைப்படாதே, உன் வீட்டுக்காரியிடமும் சொல்.

உன் ஜனவரிக் கடிதத்தை வாலுதான் மேலே கொண்டுவந்தாள். முன்பே ஒரு நாள் நான் கடிந்துகொண்டதால் இந்தத் தடவை பிரிக்கவில்லை. கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். படித்தேன். இரண்டு நாள் உன்மேல் கோபம். மூன்றாம் நாள் என்மேல் கோபம். அதற்குப் பிறகு எழுதக் கை வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வந்த அன்று டாக்சியிலிருந்து இறங்கினேன். வாசலில் தெருவே நின்றது. புதுப் பாட்டி வருகிறாள் என்று எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பட்டுப்புடவை கட்டி, நிமிர்ந்து, ஒரு கால் வைத்தேன். அடுத்த கால் எங்கே போனது என்றே தெரியவில்லை. மல்லாந்து விழுந்தேன், தம்பி. அடி ஒன்றும் இல்லை. முக்குப் பேக்கரிக்காரர் ஓடிவந்து, மாவு மூட்டையைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கி நிறுத்தினார். என் புடவையெல்லாம் மாவு. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அதன்பிறகு, இன்றைக்கு முட்டி வலி, நாளைக்குத் தலைவலி என்று சொல்லிச் சொல்லி மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். உனக்கு எழுத உட்கார்ந்தால் மட்டும், கீழே போனவள் மாதிரியே கை எழுதும். ஜன்னலிலிருந்து எல்லாம் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது.

வாலுவைக் கூப்பிட்டு உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் பாட்டி. உங்க பூட்ஸுக்கு அடியில ஒட்டின கடைச் சீட்டு இன்னும் அப்படியே இருக்கு."

"தெரிஞ்சுதான் பேர் குடுத்தியா?"

"ஐஸ் தாத்தாவுக்கு எழுதி, ஒட்டாம மேசையில வெச்சிருந்தீங்கல்ல, அதைப் படிச்சேன். நல்லா எழுதியிருந்தீங்க. நிஜமாவே போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஏன் போகாம இருக்கணும்னு தோணுச்சு."

"பேரை எடுத்துடவா?"

தலையை ஆட்டினாள், சரி என்று. ஆனால் உடனே எழுந்து, இழைத்து வைத்திருந்த வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்திவைத்துவிட்டுத் தூங்கப் போனாள். பதினாலாம் எண்ணை அவளே சிவப்பு மையால் அதில் எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் என் கண்ணில் படக் கூடாது என்று திருப்பினாளோ, இல்லை அவள் கண்ணில் படக் கூடாது என்றோ.

மறுநாள் காலை, எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, வெங்காயச் சாக்கைக் கிழித்துப் பூட்ஸில் கட்டிக்கொண்டேன். முதல் நாள் வாசல் கதவு வரை. இரண்டாம் நாள் கதவைத் திறந்து ஓர் அடி. ஐந்தாம் நாள் பேக்கரி வரை. அந்த மனிதர் கண்ணாடிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவர் கடை வாசலிலேயே வழுக்கியது. நீ சொன்னபடி உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓடிவருவதற்குள், "நானாத்தான் உக்காந்தேன்" என்றேன். "அதுக்கென்னம்மா, தாராளமா உக்காருங்க" என்றார்.

நேற்று வரை விழுந்த கணக்கு ஒன்பது. நீ பதினொன்று. உன்னை மிஞ்சாமல் விடமாட்டேன்.

போட்டியிலிருந்து பேரை நான் எடுக்கவில்லை, ஆனால் வாலுவிடம் இன்னும் சொல்லவில்லை. ஏரிக்கு எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு அவளுக்கு மறுபடி ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்குக் கோடி வணக்கம்.

இருவரும் சுகம். இவள் உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுது, பிறகு சிரித்து, பிறகு என்னைப் பார்த்து, "பார்த்தீங்களா, நீங்க எழுதினதுனாலதான்" என்றாள். இரண்டு வாரம் முன்னால், நான் எழுதிய அதே கடிதத்துக்குத்தான் எனக்கு வசவு.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. வெங்காயச் சாக்கு ஆகாது, ஓட்டை பெரிசு. இது கம்பெனிச் சணல் சாக்கு, ஐஸ் கட்டியை இழுத்து இழுத்துப் பதப்பட்டது. லோடுமேன்கள் உன் கால் அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அளவு எப்படித் தெரியும் என்று கேட்காதே. உன் அக்கா பாதம் எவ்வளவு பெரிசு என்றார்கள், நான் கையை விரித்துக் காட்டினேன். கொஞ்சம் தாராளமாகக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது.

வண்டியில் பின்னால் நீ உட்கார். கனமானவர் பின்னால் இருந்தால்தான் நேராகப் போகும். இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே.

வாலுவிடம் சொல்லிவிடு அக்கா. விழுந்தால் அவளோடு விழு.

தம்பி


மார்ச் 2

என் அன்புத் தம்பிக்கும் அவன் வீட்டுக்காரிக்கும் அக்கா எழுதிக்கொள்வது.

சாக்கு சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு சாக்குக்குள் என் இரண்டு காலும் போகும். மருமகள் சுருக்கித் தைத்துக் கொடுத்தாள்.

போட்டிக்கு நாலு நாள் முன்னால், வாலு பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், ஏரிக்கரையில் போய் நின்றேன். தனியாக. அவள் தோழிகளோடு பேசிக்கொண்டே வந்தாள், என்னைத் தாண்டிப் போனாள், பத்தடி போய் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பையைப் பனியில் போட்டுவிட்டு ஓடிவந்து முட்டியதில் இரண்டு பேரும் விழுந்தோம். அது பன்னிரண்டாவது. உன்னை மிஞ்சிவிட்டேன்.

அன்றைக்குத்தான் ஏரி மேல் முதல் முதலாக நின்றேன். தம்பி, நீ சொன்னது சத்தியம். மேலே எல்லோரும் கூச்சல் போடுகிறார்கள், கத்திப் பூட்ஸ்கள் கர்ரக் கர்ரக் என்று அறுக்கின்றன, அதற்கெல்லாம் அடியில் எங்கிருந்தோ ஊங் என்று ஒரு சத்தம், பெரிய அண்டாவுக்குள் யாரோ முனகுவது போல. வாலுவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தூண்டில்காரர், "பயப்படாதீங்கம்மா, இது கெட்டியாகுற சத்தம்" என்றார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை. பச்சைத் தொப்பி ஒரு பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எட்டுப் போட்டே பழகிவிட்டதாம், ஒன்பது வராதாம்.

போட்டி நாள். பதினாலு ஜோடி. பேக்கரிக்காரர்தான் நடுவர், விசிலை ஊதச் சொன்னால் உறிஞ்சிவிட்டு இருமிக்கொண்டிருந்தார். வாலு முன்னால் கயிற்றைப் பிடித்தாள், நான் பின்னால். "பாட்டி, என் இடுப்பைப் பிடிச்சுக்குங்க. கண்ணை மூடாதீங்க. மூடினா போன மாதிரியே இருக்காது." சரி என்றேன். உன் மருமகன் பின்னால் இருந்து தள்ளினான்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் கீழே வந்துவிடும் என்று உனக்கு எழுதினேனே, அத்தனையும் பொய். வெகு நேரம் ஆகிறது. காற்று கன்னத்தில் அறைகிறது, பலகைக்கு அடியில் பனி சர்ரென்று கிழிகிறது, யாரோ ஒருத்தி வாய்விட்டு அலறுகிறாள், யாரென்று பார்த்தால் நான்தான். "முட்டியை மடக்குங்க பாட்டி!" என்று கீழே இருந்து பெரியவள் கத்துகிறாள், உட்கார்ந்திருக்கிறவள் இன்னும் எங்கே மடக்குவது? எட்டு வண்டியைத் தாண்டிவிட்டோம். வளைவில் என் சாக்கு, வண்டியின் ஓரத்து ஆணியில் மாட்டிக்கொண்டது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் வாலுவைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தவாக்கில் இறங்கிவிட்டேன். வண்டி சாக்கைப் பிய்த்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டு, தன் பாட்டுக்குக் கீழே போய், கோட்டைத் தாண்டி மூன்றாவதாக நின்றது.

"அத்தே!" என்று மருமகள் போட்ட சத்தத்தில் ஏரியே முனகுவதை நிறுத்திவிட்டது. அப்புறம் வாலு என் மடியில் கிடந்தபடி சிரித்தாள். நான் சிரித்தேன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், சரிவு முழுக்கச் சிரிப்பு. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் மூன்று மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காது குளிரக் கேட்டேன்.

வண்டி வந்தால் போதுமா, ஆள் வர வேண்டாமா என்று நடுவரிடம் பெரிய வாக்குவாதம். கடைசியில், ஆள் வேண்டும் என்றார். நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வாத்து நடை நடந்து கோட்டைத் தாண்டினோம். பதினாலாவது. ஆனால் நம் வண்டி மூன்றாவது. விசாரிப்பவர்களிடம் நான் அதைத்தான் சொல்கிறேன். கம்பெனியிலும் அப்படியே சொல். போட்டி முடிந்த பிறகு, "இன்னொரு தடவை பாட்டி?" என்றாள். ஏழு தடவை போனோம்.

நேற்று உன் மருமகன் ரோப் காரில் என்னை உச்சி வரை கூட்டிப்போனான். மேலே இருந்து பார்த்தேன், ஏரி ஒரு தட்டு, அதன்மேல் மனிதர்கள் எள்ளு. நீ முப்பத்துநாலு வருஷமாகப் பார்த்தது அச்சில் வார்த்த ஐஸ். அதற்கு நீளம், அகலம் எல்லாம் யாரோ முன்கூட்டியே முடிவு செய்தது. இதற்கு யாரும் அச்சுப் போடவில்லை. இது பேசுவதை நீ வந்து கேட்காமல், கேட்டவள் எழுதிப் படிப்பது சரியில்லை. எழுதுகிறவள் எப்படிப்பட்டவள் என்று உனக்கே தெரியும்.

ஆகவே உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அறுபது தாண்டியவர்களுக்கு ரோப் காரில் குளிர்காலம் முழுவதும் ஏறி இறங்க பாஸ் தருகிறார்கள். வருகிற நவம்பருக்கு உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் விண்ணப்பம் எழுதி, கையெழுத்துக்குக் கீழே "அக்கா" என்று நானே போட்டுவிட்டேன். பாஸில் ஒட்டப் படம் வேண்டுமாம். அவளுடையது போன வருஷக் கல்யாணத்தில் எடுத்தது இருக்கிறது, நன்றாக இருக்கிறாள். உன்னுடையது என்று என்னிடம் இருப்பது, சுருட்டை முடியும் கறுப்பு மீசையுமாக நீ கம்பெனியில் சேர்ந்தபோது எடுத்தது ஒன்றுதான். உன் மருமகன் பார்த்துவிட்டு, "இந்த ஆளை ஏத்த முடியாதும்மா, இவருக்கு இருபத்தெட்டு வயசு" என்கிறான்.

நாளைக்கே ஸ்டுடியோவுக்குப் போ. தலைக்குத் தொப்பி, துண்டு எதுவும் வேண்டாம், முகம் தெரிய வேண்டும். புதுப் படமாக ஒன்று எடுத்து உடனே தபாலில் போடு.

உன் அக்கா